பேசாத வானொலியும் பிந்தி வந்த மாப்பிள்ளையும்

நான் ஆங்கிலம் படித்தது பேசாத ஒரு வானொலியிடம். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

எண்பத்து மூன்றின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொன்னார்கள்: "ரேடியோவைப் போட்டுவிட்டுக் கேளும். இங்கிலிஸ் தன்ரை பாட்டிலை வரும்." எனக்கு வேலை கிடைத்த இடத்திலும் ஒரு வானொலி இருந்தது. மில்லிக்கனுக்குப் பக்கத்தில் படச்சட்டம் செய்கிற ஒரு தொழிற்சாலை அது. நீர்வீழ்ச்சி, பாய்மரக் கப்பல், கூடைக்குள் பூனைக்குட்டி என்று வருகிற படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுவோம். கண்ணாடி வெட்டும் மேசைக்கு மேலே, எட்டாத உயரத்தில் அந்த வானொலி. அதன் குமிழைத் திருப்ப முடியாதபடி குறுக்கே பழுப்பு நாடா ஒட்டியிருந்தது. ஒட்டியவர் எங்கள் மேற்பார்வையாளர், அறுபது வயதான ஸ்கொட்லாந்துக்காரி. வேகமான பாட்டுப் போட்டால் கண்ணாடி வெட்டுகிறவர்களின் கையும் வேகமாகும் என்பது அவருடைய சட்டம். யாராவது முறைப்பாடு சொன்னால் தன் இடது சுட்டுவிரலில் இருந்த தழும்பைக் காட்டுவார். "இது ஒரு துள்ளல் பாட்டில் போனது" என்பார். அதற்குமேல் வழக்கு இல்லை.

ஆகவே எட்டு மணித்தியாலமும் ஒரே நிலையம். வெறும் வாத்தியம். ஊரெல்லாம் பாடுகிற பாட்டுகளை எடுத்து, சொற்களைக் களைந்துவிட்டு, நாற்பது வயலின்களைக் கொண்டு வாசிப்பார்கள். மேளம் இருக்கும், ஆனால் மெத்தைக்கு அடியில் வைத்து அடிப்பதுபோல இருக்கும். அந்த இசையைப் பற்றி ஆளுக்கொரு வாசகம் சொன்னதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்களோடு வேலை செய்த மட்டக்களப்புக் கூட்டாளி, "பாட்டை மினுக்கி மடிச்சு அலுமாரிக்குள்ளை வச்சிரிக்கான்" என்றான். எங்கள் அண்ணை, "முள்ளெடுத்த மீன். தொண்டையிலை ஒண்டும் தடக்காது, ருசியும் தெரியாது" என்றார். பெட்டி கட்டும் பகுதியில் இருந்த போர்த்துக்கீசப் பெண்தான் எல்லோரையும் வென்றாள். "என் புருஷனைப் போல. நாள் முழுக்க வீட்டில் இருப்பார். இருக்கிறார் என்றே தெரியாது."

சில நாட்களில் நாற்பது வயலின்களுக்குள்ளிருந்து திடீரென்று எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப் படப்பாட்டு எழும்பி வரும். மட்டக்களப்பான் கையில் இருந்த ஆணித் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவான். "களவு! நம்மட பாட்டைக் களவெடுத்திட்டான் மச்சான்!" யார் முந்தி, யார் பிந்தி என்று நாங்கள் விசாரிக்கப் போகவில்லை. விசாரித்தால் எங்கள் பக்கம்தான் தலை குனிய வேண்டிவரும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆனால் ஆங்கிலம்? அதற்கு அறிவிப்பாளர் இருந்தார். மணிக்கு நாலு தரம், கால் மணிக்கொரு முறை, வாத்தியம் ஓய்ந்து அவர் பேசுவார். நித்திரையாகிவிட்ட குழந்தைக்குப் பக்கத்தில் இருந்து பேசுகிற குரல். வெப்பநிலை சொல்வார், பனி கொட்டுமா இல்லையா என்று சொல்வார், ஒரு விளம்பரம் சொல்வார், அவ்வளவுதான். திரும்பவும் வயலின். நான் அந்தக் குரலையே பிடித்துக்கொண்டேன். அவரைப்போலவே அடித்தொண்டையில், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவிச் சொல்லப் பழகினேன். முதல் தடவை வங்கிக்குப் போய், கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, அந்தக் குரலில் "எனக்குக் கொஞ்சம் காசு வேண்டும்" என்று சொன்னபோது, காசாளர் பெண் இரண்டு கைகளையும் உயர்த்திவிடுவாள் போல இருந்தது.

அந்தக் காலத்தில் அந்த இசைக்கு அப்படி ஒரு செல்வாக்கு. பல்லுப் பிடுங்கப் போனால் அங்கே அது. வழக்கறிஞரின் வரவேற்பறையில் அது. மின்தூக்கிக்குள் அது. மளிகைக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போதும் மேலேயிருந்து அது. எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒருநாள் முன்னறிவித்தல் இல்லாமல் அந்த நிலையம் வாயைத் திறந்து பாடத் தொடங்கிவிட்டது. அதோடு அந்தக் காலம் முடிந்தது. அதுவரைக்கும், கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே அந்த வயலின் இருந்தது. இதிலிருந்து நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: இந்த இசை ஒலிக்கிற இடம் மரியாதையான இடம். இந்தத் தத்துவத்தால்தான் எங்கள் அண்ணையின் கலியாணம் தண்டவாளத்தை விட்டு இறங்கப் பார்த்தது.

அண்ணை என்றால் சொந்த அண்ணன் இல்லை. மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அண்ணை, மட்டக்களப்பான், நான். மூவருக்கும் ஒரே தொழிற்சாலை. அண்ணைக்கு முப்பத்தாறு வயது. மூன்று தங்கைகளைக் கரைசேர்த்துவிட்டுத் தன்னை மறந்துபோன ஆள். நல்ல மனிதர், ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. பொய் வராது. ஒரு சம்பந்தம் வந்தபோது, கேட்காமலே, "தலைமயிர் கொட்டுகிறது, படம் பழையது" என்று தானே கடிதத்தில் எழுதிவிட்டார். இன்னொரு இடத்தில் பெண்ணின் தாய் தொலைபேசியில் "தம்பிக்குச் சமைக்கத் தெரியுமோ" என்று கேட்க, "தெரியும், ஆனால் என்ரை கறியை நானே சாப்பிடமாட்டன்" என்றார். இரண்டும் நின்றுபோயின.

எண்பத்தைந்தின் மாசி மாதம், மூன்றாவதாக ஒரு பேச்சு வந்தது. விட்பி நகரில் மகனுடன் இருக்கும் ஒரு குடும்பம். தகப்பன் ஊரில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இருக்க முடியாமல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மகனிடம் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. அவர்கள் கையில் இரண்டு மாப்பிள்ளைகள். சனிக்கிழமை எங்கள் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை, மார்க்கம் என்கிற பக்கத்து நகரத்தில் சொந்த வீடும் கம்பியூட்டர் வேலையும் உள்ள ஒருவர். இந்த ஒப்பீட்டைக் கேட்டதும் மட்டக்களப்பான், "மறுகா என்னத்துக்கு உழுந்து ஊறப்போடுவான்?" என்றான். ஆனாலும் வடைக்கு ஊறப்போட்டான். அண்ணை பெண்ணின் படத்தை ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த நாள் வேறு சட்டை போட்டபோது, படமும் அந்தச் சட்டைப்பைக்கு மாறியிருந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அண்ணை, நாளைக்கு அந்த வயலின் ரேடியோவைப் போடுவம்" என்றேன்.

"ஏன்?"

"வழக்கறிஞரின்ரை ஒவ்பீஸ் மாதிரி இருக்கும். பேஸ்மென்ற் எண்ட நினைப்பு வராது."

"பேஸ்மென்ற் தானே. பேஸ்மென்ற் எண்டு சொல்லுவம்."

மட்டக்களப்பான் அரைக்கிறதை நிறுத்தினான். "அண்ணன், நீங்க உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் முப்பத்தாறு வயசாப் போச்சு. இந்த ஒரு சனிக்கிழமை வாயை மூடிட்டு இரிங்க."

அந்தச் சனிக்கிழமை நானும் மட்டக்களப்பானும் லீவு எடுத்துக்கொண்டோம். அண்ணைக்கு அரைநாள் வேலை, ஒரு மணிக்கு முடியும், இரண்டுக்கு வீட்டில் நிற்பார். அவர்கள் வருவது மூன்றுக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மூன்றுக்கு அவர்கள் வந்தார்கள். அண்ணை வரவில்லை.

மகன் தாய் தகப்பனை மட்டும், பெண் இல்லாமல், வாசலில் இறக்கிவிட்டு, காருக்குச் சக்கரம் மாற்ற வேண்டும், நாலு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டார். தகப்பன் மகனுடைய நீளக் கோட்டுக்குள் நின்றார். கை விரல்கள் வெளியே தெரியவில்லை. தலையில் கம்பளித் தொப்பி. தாய் சேலைக்குக் கீழே இரண்டு சோடி காலுறை போட்டிருந்தார். படியிறங்கும்போது கூரையில் ஓடிய குழாயைப் பார்த்துத் தகப்பன் தலையைக் குனிந்தார். நாற்காலியில் இருந்த பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"தம்பி எங்கை?"

"இப்ப வந்திடுவார் அங்கிள். ஓவர்ரைம்."

மூலையில் வயலின்கள் பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தன. நான் பெருமையோடு அதைப் பார்த்தேன். தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டுக் கையை முழங்கைவரை இழுத்துவிட்டுத்தான் பார்க்க முடியும், ஆகவே அவர் பார்த்த ஒவ்வொரு தடவையும் எங்களுக்குத் தெரிந்தது. தாய் அடுப்படிப் பக்கம், படுக்கையறைக் கதவு, காலணி வைக்கிற இடம் எல்லாவற்றையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூன்றேகாலுக்கு வானொலி பேசவேண்டிய நேரத்தில், மட்டக்களப்பான் எண்ணெய்க்குள் வடையைப் போட்ட சத்தத்தில் அறிவிப்பாளரின் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. அது என் நல்ல காலம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் தகப்பன் தலையைச் சரித்தார்.

"தம்பி, உந்த ரேடியோ எத்தினை மணி துவக்கம் உப்பிடி வாசிக்குது?"

"காலமை துவக்கம் அங்கிள்."

"இடையிலை பாட்டு ஒண்டும் போடேல்லையோ?"

"இல்லை அங்கிள்." இதுவரை நான் சொன்னது எல்லாம் உண்மை.

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஆர் மோசம் போனது?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஊரில் பெரிய தலைவர் யாராவது இறந்துவிட்டால் வானொலி படப்பாட்டுகளை நிறுத்திவிடும். அடக்கம் முடியும்வரை நாள் முழுக்க வயலினும் வீணையும்தான். அறிவிப்பாளர்களும் அடித்தொண்டையில்தான் பேசுவார்கள். குமிழைத் திருப்பி வயலின் கேட்டால் சனம் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்: ஆர் மோசம் போனது? ஒன்றேகால் வருடம் கண்ணாடி வெட்டியதில் நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"ஒருத்தரும் இல்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் முதல் தடவையாக அவர் கடிகாரத்தை மறந்திருந்தார். பிந்திப்போன மாப்பிள்ளை மேல் இருந்த கோபம் முகத்தை விட்டு இறங்கி, அங்கே ஒரு துக்கம் வந்து இருந்தது. இந்தத் துக்கம் இன்னும் பத்து நிமிடம் இருந்தால் அண்ணை வந்துவிடுவார். அவ்வளவுதான் நான் யோசித்தது.

"ஒரு பெரிய ஆள் அங்கிள்."

"பிரதமரோ?"

"சீச்சீ. அவ்வளவுக்கு இல்லை."

"பிரதம நீதியரசரோ?"

"அந்த மட்டத்திலை ஒருத்தர். நல்லா வயது போனவர்." எப்படியும் சாகிற வயது என்றால் பாவம் குறைவு என்று ஒரு நினைப்பு. பிறகு, சும்மா இருந்திருக்கலாம், இன்னும் ஒன்று சேர்த்தேன். "பஸ்ஸும் மெல்லமாத்தான் ஓடுதாம். அதாலைதான் அண்ணைக்குச் சுணங்குது."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

தகப்பன் தலையை ஆட்டினார். "சரியான செயல். பெரிய மனுசருக்கு அப்பிடித்தான் மரியாதை குடுக்கவேணும்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப இண்டைக்குச் சம்பந்தக் கதை கதைக்கப்படாது."

"ஏன் அங்கிள்?"

"ஊரே துக்கத்திலை இருக்கேக்கை நல்ல காரியம் கதைக்கிறதோ? நாளைக்கு மார்க்கத்துக்குப் போறம்தானே. அங்கை கதைப்பம். இஞ்சை இன்னொரு நாளைக்கு வாறம்."

அந்த 'இன்னொரு நாள்' எந்த நாட்காட்டியிலும் இல்லாத நாள் என்று கலியாணம் பேசிய எல்லோருக்கும் தெரியும். அண்ணையின் சட்டைப்பைப் படம் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாசலுக்கு வந்த சம்பந்தத்தை என் வாயாலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயம் பார்த்து மட்டக்களப்பான் வடைத் தட்டோடு வந்தான். தகப்பன் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். "வேண்டாம் தம்பி. சாவு நாளிலை பலகாரம் சாப்பிடுறதில்லை. நான் சம்பளம் வாங்கின அரசாங்கம் இல்லைத்தான். எண்டாலும் இப்ப சோறு போடுற நாடு."

அவன் முதல் நாளே உழுந்து ஊறப்போட்டவன். முகம் கறுத்தது. "ஆரோ ஒரு கிழவன் செத்ததுக்கு என்ட வடை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டான். கேட்டது அவரிடம், பார்த்தது என்னை.

எப்படியாவது செத்தவரை எழுப்ப வேண்டும். நான் அறிவிப்பாளரின் ஆறுதலான குரலைக் கூப்பிட்டுக்கொண்டு மெல்லத் தொடங்கினேன். "அங்கிள், அவர் இன்னும் முழுசா மோசம் போகேல்லை எண்டும் ஒரு கதை இருக்கு. வருத்தம்தான் கடுமையாம்."

"சாகாத மனுசனுக்கு ஆரேன் காலமை துவக்கம் வயலின் வாசிப்பினமோ?"

எழுந்து வானொலிப் பக்கம் போனேன். "சத்தத்தைக் குறைச்சுவிடட்டோ?"

"வேண்டாம், விடும். மூண்டரையாகுது. செய்தி வரும். ஆரெண்டு சொல்லுவாங்கள்."

அப்போதுதான் அடுத்த இடி இறங்கியது. இவர் முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதியவர். என்னைவிட ஆங்கிலம் தெரிந்தவர். எண்ணெய்ச் சட்டி இறக்கியாகிவிட்டது. மூன்றரைக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. பேசமாட்டானா பேசமாட்டானா என்று ஒன்றேகால் வருடம் நான் காத்திருந்த மனிதர் அன்றைக்கு மட்டும் பேசாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வயலின்கள் நீண்டன, இன்னும் நீண்டன, கடைசியில் ஓய்ந்தன.

தகப்பன் விரலை உயர்த்தினார்.

குரல் வந்தது. எப்போதும்போல ஆழமாக, கனிவாக, கல்லும் கரையும்படி. வெளியில் மைனஸ் நாலு பாகை என்றது. பொழுதுபட்டால் பனி கொட்டலாம் என்றது. பிறகு அதே துக்கத்தோடு, வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் சேர்த்துக் கம்பளம் விரித்தால் படிக்கட்டுக்கு இலவசமாக விரித்துத் தருவார்கள், இந்தக் கிழமை மட்டும், என்றது. நாற்பது வயலின்களும் திரும்பி வந்தன.

தகப்பன் உயர்த்திய விரலை இறக்கவில்லை.

"கம்பளம்" என்றார்.

"ஓம் அங்கிள்."

"படிக்கட்டுக்குச் சும்மாவாம்."

"ஓம் அங்கிள்."

"செத்தவர் கம்பளக்காரரோ தம்பி?"

கதவு திறந்து படியில் காலடி கேட்டது. அண்ணை வந்தார். கடைசிப் படியில் நின்று எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மீசையிலும் கோட்டின் முன்பக்கத்திலும் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

"இரும் தம்பி" என்றார் தகப்பன். குரல் கச்சேரி லிகிதரின் குரலாக மாறியிருந்தது. "இருக்க முதல் ஒண்டு சொல்லும். இண்டைக்கு இந்த நாட்டிலை ஆர் மோசம் போனது?"

நான் அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று கண், புருவம், கழுத்து எல்லாவற்றாலும் பேசினேன். கிழவன், பெரியவன், ஓம் என்று சொல்லுங்கோ என்று அத்தனையும் முகத்திலேயே எழுதிக் காட்டினேன். அண்ணை என்னைப் பார்த்தார். வானொலியைப் பார்த்தார். தொடாமல் கிடந்த வடைத் தட்டைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஒருத்தரும் சாகேல்லை அங்கிள்" என்றார். "உது எங்கடை பக்ரறியிலை எட்டு மணித்தியாலமும் போற பாட்டு. பல்லுப் பிடுங்கிற இடத்திலையும் போடுறவங்கள். உவன் என்னைக் காப்பாத்த ஏதேனும் சொல்லியிருப்பான். உவனிலை பிழை இல்லை, பிந்தினது நான்."

"ஓவர்ரைமோ?"

"இல்லை. ஒரு மணிக்கே விட்டிட்டாங்கள்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மட்டக்களப்பான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அதுவரை வாய் திறக்காத தாய் அப்போதுதான் முதல் தடவையாகப் பேசினார்.

"தம்பி, வெளியிலை சினோ கொட்டுதோ?"

அண்ணை குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். "இல்லை அன்ரி. சீனி."

"சீனியோ?"

"றோட்டுக்கு அங்காலை பிளாசாவிலை டோனற் கடையிலை இருந்தனான். ரெண்டு மணி துவக்கம். நீங்கள் காரிலை வந்து இறங்கினதைக் கண்ணாடிக்குள்ளாலை கண்டனான். எழும்பினனான்தான், கால் வரேல்லை. பிறகு சீனி தூவின டோனற் இன்னொண்டு வாங்கினனான்."

பிறகு தாயின் தோள் குலுங்கத் தொடங்கியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார், பொத்தியும் நிற்கவில்லை. "நான் அப்பவே யோசிச்சனான்" என்றார் கணவரிடம், சிரிப்புக்கு நடுவில். "பெரிய மனுசன் செத்தெண்டால் அடுப்படியிலை நிக்கிற பொடியன் உந்தப் பாட்டுக்குக் காலாலை தாளம் போட்டுக்கொண்டு ஏன் வடை சுடுறான் எண்டு." பிறகு என் பக்கம் திரும்பி, மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டு, "நல்ல காலம், மாப்பிள்ளை நீர் இல்லை" என்றார்.

தகப்பன் சிரிக்கவில்லை. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். நாலு மணிக்கு வெளியே கார் வந்து ஒலி எழுப்பும்வரை அண்ணையிடம் நாலு கேள்விதான் கேட்டார். எத்தனை சகோதரம், என்ன படிப்பு, எப்போது வந்தது, தலைமயிர் பரம்பரையாகக் கொட்டுகிறதா. நாலுக்கும் அண்ணை உண்மையையே சொன்னார். போகும்போது தாய் இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுப்பதா, பசி என்று எடுப்பதா என்று நானும் மட்டக்களப்பானும் இரவுச் சாப்பாடு முடியும்வரை வாதாடினோம். அண்ணை கலந்துகொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மார்க்கத்துக்குப் போயிருப்பார்கள். திங்கள் ஒரு தகவலும் இல்லை. செவ்வாயும் இல்லை. அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் எனக்கு எதிரே நின்று, பூனைக்குட்டிப் படங்களுக்கு ஒவ்வொரு மூலையாகச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். மேலே அந்த வயலின். அந்தக் கிழமைதான் எனக்கும் அது சாவு வாத்தியமாகக் கேட்டது. செவ்வாய் பின்னேரம் மேற்பார்வையாளரிடம் போய், நாடாவைக் கழற்றி வேறு ஏதாவது போடலாமா என்றுகூடக் கேட்டேன். தழும்பைக் காட்டினார். திரும்பி வந்துவிட்டேன்.

புதன்கிழமை பின்னேரம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது? பொய்க்காரத் தம்பியோ?"

"ஓம் அன்ரி."

"மற்றவர் நிக்கிறாரோ?"

அண்ணை சோற்றுக் கையோடு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். மட்டக்களப்பான் தட்டைத் தூக்கிக்கொண்டே வந்து காதைக் கொடுத்தான்.

"நிக்கிறார் அன்ரி. மார்க்கம் எப்பிடி?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வீடு நல்ல பெரிசு. ஒவ்வொரு அறையாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். எல்லா அறையைப் பற்றியும் சொன்னவர். எங்கடை பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி கேக்கேல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "இஞ்சை நான் சனிக்கிழமைக் கதையைப் பிள்ளைக்குச் சொன்னனான். நாலு நாளாச் சிரிக்கிறாள். இப்ப ஒண்டு கேக்கச் சொல்றாள். அவர் அந்தக் கடையிலை இருந்து எத்தினை டோனற் சாப்பிட்டவராம்?"

நான் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு அண்ணையைப் பார்த்தேன். "எத்தினை அண்ணை? ஒண்டு எண்டு சொல்லட்டோ? அளவான ஆள் எண்டு நினைப்பினம்."

"நாலு" என்றார்.

"நாலோ!"

"நாலு. நாலெண்டு சொல்லு."

என் வாழ்க்கையில் ஒரு உண்மையைச் சொல்ல அவ்வளவு கஷ்டப்பட்டது கிடையாது. "நாலு அன்ரி" என்றேன். "நாலாவதிலை பாதி கோட்டிலை கொட்டுப்பட்டுது."

அவர் திரும்பிச் சொல்வது கேட்டது. அங்கே, கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் சிரித்தாள். மெல்லிய சிரிப்பு இல்லை, வீட்டுக்குள் அடங்காத சிரிப்பு. நான் தொலைபேசியை எடுத்து அண்ணையின் காதில் வைத்தேன். சோற்றுக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தரத்தில் பிடித்தபடி, அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு தொலைபேசி என்னிடம் திரும்பி வந்தபோது தாய் சொன்னார்: "சித்திரைக்குள்ளை ஒரு நாள் பாப்பம் எண்டு அவரிட்டைச் சொல்லும்."

"அங்கிள் என்ன சொல்றார் அன்ரி?"

"அவரோ? ஓமெண்டு சொல்லிப்போட்டார். மிச்சத்தை நீர் இப்ப அவரிட்டைக் கேக்கேலாது. மகன்ரை ரேடியோவிலை உங்கடை அந்த இலக்கத்தைத் தேடிப் பிடிச்சு, திங்கள் துவக்கம் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். நான் இப்பிடிச் சத்தம்போட்டுக் கதைக்கிறதுக்கும் ஏசுவார்."

தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். ஓம், விட்பியில், அவருக்குப் பின்னால், நாற்பது வயலின்கள் வாசித்துக்கொண்டிருந்தன.